லாஸ்கோவின் நகலைப் பார்த்தால் பார்த்ததாகுமா? வெசேர் பள்ளத்தாக்குப் பயணம் பற்றி ஒரு விவாதம்

கல்வெட்டுப்பித்தன்:
வரும் அக்டோபரில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பிரான்சின் தென்மேற்கில் உள்ள பெரிகோர் பகுதிக்கு நான்கு நாள் பயணமாகப் போகிறோம். வெசேர் ஆறும் தொர்தோஞ் ஆறும் சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் அந்த நாட்டுப்புறத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு நடக்கிறது. உறவினர்கள் அனுப்பிய பட்டியலில் முதலிடத்தில் இருப்பது, பனியுக மனிதர்கள் காளை முதலான விலங்குகளைச் சுவரில் தீட்டிய லாஸ்கோ குகையின் நகல்; லாஸ்கோ 4 என்னும் பெயரில் மோன்திஞாக் ஊரில் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

என் காரணம் இதுதான். லாஸ்கோவின் அசல் குகைக்குள் பொதுமக்கள் எவரும் போக முடியாது. 1963 முதல் அது மூடியே இருக்கிறது. அங்கே காட்டப்படுவது, கணினி அளவீட்டைக் கொண்டு வார்த்தெடுத்து, கைதேர்ந்த கலைஞர்கள் வண்ணம் தீட்டிய செயற்கைச் சுவர். ஆனால் அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், லெஸ் எசி ஊரின் விளிம்பில், ஃபோன்-த-கோம் குகை இருக்கிறது. 1901இல் கண்டறியப்பட்ட அதன் காட்டெருமைகள், பனியுக மனிதன் தன் கையால் பல வண்ணத்தில் தீட்டியவை. அங்கே இன்றும் சிறு சிறு குழுக்களாக உள்ளே அனுமதிக்கிறார்கள். அசல் அருகிலேயே திறந்திருக்கும்போது, அரை நாளை நகலுக்குக் கொடுப்பது ஏன்? பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கோட்டின் முன்னால் நின்றால் மனத்தில் எழும் நடுக்கம், நேற்று வரைந்த கோட்டின் முன்னால் எழாது என்றே நான் நம்புகிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள். முன்பதிவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

துளசிமாடம்:
நண்பரே, உங்கள் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். அந்த நகல் ஏன் பிறந்தது என்ற கதையை விட்டுவிட்டு அதை எடைபோட முடியாது.

1940 செப்டம்பர் 12 அன்று மார்செல் ராவிதா என்ற இளைஞரும் அவருடைய மூன்று நண்பர்களும் ஒரு குழி வழியாக இறங்கி அந்தக் குகையைக் கண்டார்கள். 1948இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூட்டம் வந்துபோக வசதியாக வாயிலை அகலப்படுத்தினார்கள், தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள், மின்விளக்குப் போட்டார்கள். 1950களின் நடுவில் நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு பேர்வரை உள்ளே போனார்கள். அத்தனை பேரின் மூச்சிலிருந்து வந்த கரியமில வாயுவும் ஈரமும் வெப்பமும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் இருந்த காற்றைக் கெடுத்தன. சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. பிறகு வெள்ளைச் சுண்ணப் படலம் படியத் தொடங்கியது. கெட்ட எண்ணத்தோடு யாரும் வரவில்லை. ஆசையோடு பார்க்க வந்தவர்களின் மூச்சே அந்தக் காளைகளுக்கு நோயாகிவிட்டது. அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். அதற்குப் பிறகும் அதன் நலம் முழுமையாகத் திரும்பவில்லை. 2001இல் பூஞ்சை படர்ந்து மீண்டும் பெரிய கவலை எழுந்தது.

அசல் குகையிலிருந்து இருநூறு மீட்டர் தொலைவில் 1983இல் திறக்கப்பட்ட லாஸ்கோ 2, அந்த இழப்புக்குப் பிறகு வந்த முதல் பெரிய நகல். மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் இயற்கை நிறமிகளைக் கொண்டு பல ஆண்டுகள் அதில் உழைத்தார். ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட காளையின் முதுகுக்கோட்டை இன்னொரு மனிதக்கை மறுபடி இழுத்திருக்கிறது என்றால், அதை வெறும் அச்சுப்படி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாம் உள்ளே போகாமல் இருப்பதுதான் அந்தக் குகைக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நன்மை. போகாமலே அதை அறிய வழி கொடுப்பது நகல்.

ஃபோன்-த-கோமுக்குப் போக வேண்டும் என்று துடிக்கிறீர்களே, அங்கே உங்கள் மூச்சும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
அம்மா, உங்கள் கடைசி வரி என்னைத் தைத்தது. ஆயினும் எண்ணிக்கையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, சிறு குழுவாக, வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவது லாஸ்கோவில் நடந்த பிழையிலிருந்து கற்ற பாடம் என்றே நான் பார்க்கிறேன். அந்த அளவு இன்னும் குறைக்கப்பட்டாலும் நான் வரிசையில் காத்திருப்பேன்.

அசலை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு முன்பு ஒருமுறை அங்கே கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். குறுகலான இடைகழியில் உடலைச் சற்றுத் திருப்பி நடந்து உள்ளே போனோம். வழிகாட்டி ஓரிடத்தில் நின்று பொது விளக்கை அணைத்தார். கையிலிருந்த சிறு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மெல்ல நகர்த்தியபோது, அதுவரை வெறும் புடைப்பாகத் தெரிந்த பாறை காட்டெருமையின் தோளாக எழுந்தது. வயிற்றுக்கு ஒரு குழிவு, தொடைக்கு ஒரு திரட்சி என்று பாறையே பாதி உடலைக் கொடுத்திருக்க, ஓவியன் மீதிப் பாதியை மட்டும் சிவப்பிலும் கறுப்பிலும் முடித்திருந்தான். அடுத்து, மண்டியிட்ட பெண் கலைமானின் (பனிநாட்டு ரெயின்டீர்) நெற்றியை ஆண் கலைமான் நாவால் வருடும் உருவம். நிறம் மங்கிப்போயிருந்தது, பாதிக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை, வழிகாட்டி காற்றில் விரலால் வரைந்து காட்டிய பிறகே அந்த நா தெரிந்தது. ஆனால் தெரிந்த அந்த நொடியில் எங்கள் குழுவில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் கண்ணே உழைத்துக் கண்டெடுத்ததால் அது எங்களுடையதாயிற்று. வெளிச்சம் போட்டு முழுமையாகக் காட்டும் நகலில் இந்த உழைப்புக்கு இடம் எங்கே?

ஆற்றோரன்:
இருவரும் நான்கு நாளையும் நிலத்துக்கு அடியிலேயே கழித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. என் வாதம் வேறு. பெரிகோரில் பார்க்க வேண்டியது வெளியே, வெயிலில் இருக்கிறது. குகைக்குள் இருப்பது அதன் ஒரு கிளைதான்.

அந்த மனிதர்கள் ஓவியக் குகைகளின் ஆழத்தில் குடியிருக்கவில்லை. ஆற்றின் ஓரம், வெயில் படும் பாறைச் சரிவின் கீழ், மேலே கூரைபோல நீண்ட பாறை விளிம்பின் அடியில்தான் வாழ்ந்தார்கள். லெஸ் எசியில் 1868இல் வேலையாட்கள் மண் வெட்டியபோது குரோ-மாஞோன் எனப்படும் பனியுக மனிதர்களின் எலும்புகள் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒரு பாறை நிழலில்தான். அந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் லா ரோக் சேன்-கிறிஸ்தோஃப் பாறைச்சுவரின் மேல் ஏறி நடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளம், எண்பது மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. பனியுகத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து, இடைக்கால மக்களும் அதே விளிம்புகளில் வீடுகட்டி வாழ்ந்தார்கள். உத்தரம் செருகிய சதுரக் குழிகளும் மழைநீர் வடிய வெட்டிய வாய்க்கால்களும் இன்றும் பாறையில் இருக்கின்றன. ஒரு குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள். உளி போன போக்கு விரலுக்குத் தெரியும். கீழே வெசேர் வளைந்து ஓடுகிறது, எதிரே வால்நட் தோப்பு. ஏன் இங்கே தங்கினார்கள் என்ற கேள்விக்கு அங்கே நின்றாலே பதில் கிடைத்துவிடுகிறது.

தெற்கே தொர்தோஞ் கரையில் இதே பாறை கோட்டைகளைச் சுமக்கிறது. ஆற்றுக்கு நூற்றைம்பது மீட்டர் மேலே பெய்னாக் கோட்டை. எதிர்க்கரையில் சற்றுத் தள்ளிக் கஸ்தெல்னோ. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சு மன்னன் பக்கம், மற்றொன்று பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். வரலாற்று நூலில் எல்லைக்கோடு என்று படிப்பதை, துடுப்புப் படகில் உட்கார்ந்தபடி இரு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடலாம். வித்ராக் அருகே படகேறினால் லா ரோக்-கஜாக் ஊரைக் கடந்து பெய்னாக் வரை ஆறே இழுத்துக்கொண்டு போகும். அந்த லா ரோக்-கஜாக்கில் 1957இல் பாறை பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாறையை நம்பி வாழ்வதன் விலையும் அங்கே தெரியும்.

அக்டோபரில் படகு ஓடுமா என்பது தண்ணீரையும் வானிலையையும் பொறுத்தது; கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

துளசிமாடம்:
ஆற்றோரன் ஐயா வெளியே அழைத்துப் போனது நல்லதாயிற்று, ஏனென்றால் என் வாதத்துக்கு அவரே சான்று கொடுத்திருக்கிறார். அவர் போற்றும் காட்சியில் எது அசல் என்று கல்வெட்டுப்பித்தன் பிரித்துக்காட்டட்டும்.

கஸ்தெல்னோ கோட்டை நெடுங்காலம் இடிபாடாகக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் மறுசீரமைக்கப்பட்டது. அதன் மதில்மேல் நிற்கும் கல்லெறி பொறிகள் இன்றைய தச்சர்கள் செய்த மறுபடைப்புகள். அருகே மார்கெய்சாக் தோட்டத்தில் உருண்டை உருண்டையாகக் கத்தரித்த ஒன்றரை லட்சம் பாக்ஸ்வுட் செடிகளைக் காண மக்கள் திரள்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்கு இன்றைய உருவம் 1861க்குப் பிறகுதான் வந்தது. சார்லா நகரத்தின் தேன்நிறத் தெருக்கள் 1962இல் வந்த மால்ரோ சட்டத்தின் துணையோடு பழுதுபார்க்கப்பட்டவை. குகையை மூடியவரும் சார்லாவைக் காப்பாற்றிய சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரே அமைச்சர் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி.

குகைகளுக்கே வருவோம். ரூஃபிஞாக் குகை அசல்தான். மின்ரயிலில் உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உள்ளே போகலாம். ஆனால் அதன் பெரிய விதானத்தில் மாமதங்கள் என்னும் பனியுக யானைகளையும் மலையாடுகளையும் வரைந்தவர்கள் மல்லாந்து படுத்து வரைந்தார்கள். விதானம் அவர்களுடைய முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது. நாம் நின்று பார்க்க வசதியாகப் பிற்காலத்தில் தரையைத் தோண்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்தவர் ஒருபோதும் முழுமையாகக் கண்டிராத விதானத்தை நாம் முழுமையாகக் காண்கிறோம். கோடு அசல், பார்வை அசலன்று. ஆகவே அசல், நகல் என்று ஒரே வெட்டாக வெட்டுவது அந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது.

ஆற்றோரன்:
இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். பெய்னாக்கைச் சுற்றிப் புறவழிச்சாலை போடுவதற்காக ஆற்றில் பாலத்தூண்களே எழும்பிவிட்ட நிலையில், 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. மறு ஆண்டில் கட்டியதை இடித்து அகற்றவே ஆணை வந்தது. கோடையில் அந்த ஒடுங்கிய தெருவில் வண்டிகள் நகராமல் நிற்பதைக் கண்டவர்கள் சாலை கேட்டதில் தவறில்லை. ஆனாலும் கோட்டை மட்டுமன்று, கோட்டைக்கு முன்னால் ஓடும் ஆறும் வயலும் வானமும் சேர்ந்ததுதான் காக்கப்பட வேண்டிய இடம் என்று வாதாடியவர்களின் பக்கம்தான் நான். அந்த வெளிக்கு நகல் செய்ய முடியாது.

தூலூஸ்வாசி:
விவாதம் நன்று. பெற்றோரோடு போகிறவருக்கு நடைமுறை விவரம் சில. ஃபோன்-த-கோம் வாயிலுக்குச் செங்குத்தான பாதையில் ஏறித்தான் போக வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது சிரமம். லாஸ்கோ 4இல் சக்கர நாற்காலியே போகும். ரூஃபிஞாக்கில் ரயில் இருக்கிறது, ஆனால் உள்ளே நல்ல குளிர், கம்பளி கட்டாயம். லெஸ் எசிக்கும் சார்லாவுக்கும் ரயில் நிலையங்கள் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் போகக் கார் இல்லாமல் பெரும்பாடு. சார்லாவில் புதனும் சனியும் சந்தை.

உங்கள் தாயாருக்குக் குகை அலுத்தால் மிலாந்து கோட்டைக்கு அழைத்துப் போங்கள். அமெரிக்காவில் பிறந்து பிரான்சில் புகழ்பெற்ற ஆடல் பாடல் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1947இல் வாங்கி, பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்து, கடனில் மூழ்கி 1969இல் வெளியேற்றப்பட்ட வீடு அது. 2021இல், பெருமக்களைப் போற்றும் பாரிசின் பாந்தெயோன் நினைவு மண்டபத்தில் நாடு அவருக்கு இடம் கொடுத்தது.

கல்வெட்டுப்பித்தன்:
அனைவருக்கும் நன்றி. ரூஃபிஞாக் தரை பற்றித் துளசிமாடம் சொன்னதை இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்; அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நகல் என்பதாலேயே லாஸ்கோ 4ஐ நீக்க வேண்டும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தந்தையின் முழங்காலை நினைத்தாலும் அது தேவைப்படுகிறது. ஆனால் பார்க்கும் வரிசையில் என் பிடியைத் தளர்த்த மாட்டேன். முதல் நாள் காலையில் நானும் மனைவியும் ஃபோன்-த-கோம். இரண்டாம் நாள் ஆற்றோரன் சொன்ன பாறையும் ஆறும். மூன்றாம் நாள் எல்லோருமாக லாஸ்கோ 4. அசலின் மங்கலைக் கண்ட கண்ணோடு போனால்தான் நகலின் பளிச்சென்ற நிறத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியும்.

துளசிமாடம்:
வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பேன். பழகாத கண்ணுக்கு ஃபோன்-த-கோம் சுவரில் கறையும் விரிசலும்தான் முதலில் தெரியும். அங்கே கிடைப்பதோ கொஞ்ச நேரம். லாஸ்கோ 4இல் முதுகுக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, விலங்கின் மறுபக்கத்துக் கால்களை உடலிலிருந்து விலக்கி வரைந்து ஆழத்தை எப்படிக் காட்டினார்கள் என்பதை வேண்டிய மட்டும் நின்று கற்றுக்கொண்டு, அந்தக் கண்ணோடு அசலுக்குப் போங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். லாஸ்கோ ஓவியர்கள் தின்றதில் பெரும்பகுதி கலைமான் என்று அங்கே கிடைத்த எலும்புகள் சொல்கின்றன; ஆனால் அந்தக் குகையின் நூற்றுக்கணக்கான விலங்குகளுள் கலைமானாகக் கொள்ளத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அந்த இல்லாமையை முதலில் லாஸ்கோவில் பார்த்துவிட்டு, பிறகு ஃபோன்-த-கோமில் நெற்றியை வருடும் அந்தக் கலைமானின் முன்னால் நின்று பாருங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
கலைமான் பற்றிய செய்தி எனக்குப் புதிது. முதல் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிப் போட முடியுமா என்று இன்று இரவே முன்பதிவு நேரங்களைப் பார்க்கிறேன்.