ஈர்க்குக் கட்டும் ஆச்சியோட உழக்கும்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்க
ஞாயித்துக்கிழமை ராத்திரி

பேச்சி மதினி, 7:04
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மனசுக்குள்ளயே கெடந்து உருட்டிட்டு இருக்கு அதான் கேக்கேன். வேலு ரெண்டாங்கிளாஸ் போயி இம்புட்டு மாசமாச்சு, நோட்டத் தொறந்தா நாலு பக்கங்கூட எழுதல. பைக்குள்ள பாத்தா ஈர்க்குக்குச்சி, புளியங்கொட்ட, ஓலக்காத்தாடி. வீட்டுப்பாடம் என்னலன்னு கேட்டா கடை வெளயாடணும் காலி டப்பா கொண்டாரச் சொன்னாவங்கான்

பேச்சி மதினி, 7:05
பக்கத்து வீட்டுப் பிள்ள யூகேஜிதான் படிக்கு, இங்கிலீஷ்ல ரைம்ஸ் சொல்லுது

இசக்கி அண்ணன், 7:11
நான் போன லீவுக்கு வந்தப்பயே சொன்னேன். வேன் வருதுல்லா, அடுத்த வருசம் இங்கிலீஷ் மீடியத்துல போட்ருவோம், பீஸப் பத்தி யாரும் யோசிக்காண்டாம் நான் பாத்துக்கிடுதேன். இங்க சைட்டுல இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சவன் ஆபிஸுக்குள்ள இருக்கான், அவனுக்கும் என் வயசுதான், நான் வெயில்ல நிக்கேன். எம்பிள்ளைக்கு அந்த நெலம வரக்கூடாது அவ்ளோதான்

ஆறுமுகம் மாமா, 7:15
மருமவனே நீ சொல்லுதது ஞாயந்தான். நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேங்கதுக்காகப் பேசல, கண்ணால பாத்ததச் சொல்லுதேன். போன வாரம் கூட்டத்துக்குப் போனவன் அரைமணி நேரம் பிள்ளைய கூடயே உக்காந்துட்டேன். ஒண்ணு ரெண்டு மூணு, மூணு கிளாஸும் ஒரே ரூமு ஒரே டீச்சர். 60 பிள்ள வரைக்கும் அஞ்சு வகுப்புக்கும் சேத்து ரெண்டு டீச்சர்தான்னு சட்டத்துலயே இருக்கு, நாம என்ன செய்ய. சத்தம் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா சும்மா இருந்த பிள்ள ஒண்ணு கூட இல்ல. ஒரு மூலையில கைப்பொம்மைய வச்சு கத சொல்லுதுவ, ஒரு மூலையில மணல்ல எழுதுதுவ, நம்ம வேலு திண்ணையில கடை போட்டு கருப்பட்டி வித்துட்டு இருந்தான்

ஜெயா அக்கா, 7:21
பேச்சி, நோட்டு நெறஞ்சாத்தான் பிள்ள படிக்குன்னு நானும் நெனச்சவதான். எம்மவ நிலா நோட்டெல்லாம் நெறஞ்சு கெடக்கு, கை வலிக்கும்மான்னு அழுதுகிட்டே எழுதுவா, நானும் பக்கத்துல உக்காந்து எழுத வைப்பேன். நேத்து கடையில வச்சு 52 ரூவாயில 27 போனா மிச்சம் எவ்ளோட்டின்னு கேட்டேன், 35ங்கா. நோட்டப் பாத்தா இதே மாதிரி கணக்குக்கு வரிசையா டிக் போட்டிருக்கு. எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல

சாந்தி பெரியம்மா, 7:24
ஜெயா அவள ஏசிறாத. 7ல 2 போனா 5, 5ல 2 போனா 3, அப்ப 35. பெரிய எண்ணுல இருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு ஒண்ணாங்கிளாஸ்ல சொன்னத அப்படியே பிடிச்சுக்கிட்டா. நான் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்த காலத்துல எத்தன சிலேட்டுல இந்த மாதிரி விடையப் பாத்திருக்கேன்னு கணக்கே கெடையாது, நல்லாப் படிக்க பிள்ளையளும் செய்யும்

சாந்தி பெரியம்மா, 7:25
பேச்சி, வேலுகிட்ட இதே கணக்கக் கேளேன். நோட்டு வேண்டாம், பையில இருக்க ஈர்க்குக்குச்சிய எடுத்து முன்னால போடு. நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லிக் கொடுக்காத, பாத்துட்டு மட்டும் இரு

கனி, 7:26
மதினி வீடியோ எடுங்க

பேச்சி மதினி, 7:38
வீடியோ எடுக்க மறந்துட்டேன் கனி, பாத்துட்டே இருந்துட்டேன். அத்த, அவன் பத்துப் பத்துக் குச்சியா ஓல நாரு வச்சுக் கட்டி வச்சிருக்கான். அஞ்சு கட்டும் ரெண்டு ஒத்தக் குச்சியும் எடுத்து வச்சான். 27 எடுக்கணும்லா, ரெண்டு கட்ட ஒதுக்கிட்டான். பொறவு ஏழு குச்சி எடுக்கணும் கையில ரெண்டுதான் இருக்கு. செத்த நேரம் முழிச்சுகிட்டு இருந்தான், எனக்கு சொல்லிரலாம் போல வாய் வரைக்கும் வந்துட்டு, நீங்க சொன்னீயளேன்னு அடக்கிக்கிட்டேன். ஒரு கட்ட எடுத்து அவுத்தான். அவுத்து அந்த ரெண்டு குச்சியோட சேத்துப் போட்டு பன்னெண்டுன்னு எண்ணி, ஏழ எடுத்துட்டு, ரெண்டு கட்டு அஞ்சு குச்சி, 25ம்மான்னான்

பேச்சி மதினி, 7:39
ஏம்ல கட்ட அவுத்தன்னு கேட்டேன். கட்டுனாலும் பத்து அவுத்தாலும் பத்துத்தானம்மா, அவுத்தாத்தான எடுக்க முடியும்ங்கான்

ஜெயா அக்கா, 7:40
எம்மா

சாந்தி பெரியம்மா, 7:46
இதத்தான நாம கடன் வாங்குததுன்னு படிச்சோம். பக்கத்து எண்ணுகிட்ட கடன் வாங்கு, அத வெட்டு, தலையில ஒரு ஒண்ணப் போடுன்னு சொல்லிக் கொடுத்தாவ, எதுக்குன்னு யாரும் சொல்லல, வாங்குன கடனத் திருப்பிக் கொடுக்காண்டாமான்னு கேட்டா அடி விழும். வேலு யாருகிட்டயும் கடன் வாங்கல. தன்கிட்ட இருக்க கட்டத்தான் அவுக்கான். பத்து ஒண்ணு சேந்தா ஒரு பத்து, ஒரு பத்தப் பிரிச்சா பத்து ஒண்ணு, இது கையில ஏறிட்டுன்னா நூறானாலும் ஆயிரமானாலும் அவன் பயப்பட மாட்டான். பேச்சி, அந்தக் குச்சிய வெளக்குமாத்துக் குப்பைன்னு நெனச்சுத் தூரப் போட்டுராத தாயி, அவனுக்கு இப்ப அதுதான் கணக்குப் புத்தகம்

சாந்தி பெரியம்மா, 7:47
ஜெயா நீ நாளைக்கே ஒரு கை ஈர்க்கு சீவி நிலாவுக்கும் கட்டிக் கொடு. ஒரு வாரம் நோட்டத் தொடாம குச்சியில செய்யட்டும், பொறவு குச்சிய வச்சுகிட்டே எழுதட்டும், அதுக்குப் பொறவு அவளே குச்சி வேண்டாம்பா

இசக்கி அண்ணன், 7:52
சரி பெரியம்மா, கணக்கு ஒத்துக்கிடுதேன். எழுதணும்ல படிக்கணும்ல, அது குச்சியில வருமா. நாலு பக்கங்கூட எழுதலங்காளே

சாந்தி பெரியம்மா, 8:01
நல்ல கேள்வி இசக்கி, தகப்பன் கேக்கணும். பேச்சி, நீ அவன் பயிற்சிப் புத்தகத்தப் பாத்தியா. அரசுப் பள்ளிக்கூடத்துல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் இருக்குல்லா, அதுல தமிழ் இங்கிலீஷ் கணக்கு மூணுக்கும் பருவத்துக்குப் பருவம் பயிற்சிப் புத்தகம் கொடுப்பாவ, பிள்ளைய எழுதுததெல்லாம் அதுலதான், நோட்டுல இருக்காது. அது அனேகமா பள்ளிக்கூடத்து அலமாரியிலதான் இருக்கும். நாளைக்குப் போயி டீச்சர்ட்ட காட்டுங்கன்னு கேளு. அவன் அரும்பா மொட்டா மலரான்னும் கேளு. எழுத்தே தெரியாத பிள்ள அரும்பு, எழுத்தக் கூட்டி வார்த்தை படிக்க பிள்ள மொட்டு, அந்த வகுப்புப் பாடத்தயே படிக்க பிள்ள மலருன்னு வச்சுக்கோ. ஒரே வகுப்புல மூணும் இருக்கும், அவனவன் எங்க நிக்கானோ அங்கேருந்து தூக்குவாவ

சாந்தி பெரியம்மா, 8:03
இந்தத் திட்டம் 2022ல வந்துச்சு. எதுக்குன்னா கொரோனாவுல 2020 மார்ச்சுல பூட்டுன பள்ளிக்கூடம், ஒண்ணாப்புல இருந்து எட்டாப்பு வரைக்கும் 2021 நவம்பர் ஒண்ணாந்தேதிதான் தொறந்தாவ. ஒண்ணாங்கிளாஸ் வாசலையே மிதிக்காத பிள்ள நேரா ரெண்டாங்கிளாஸ்ல வந்து உக்காந்துச்சு, பென்சிலப் பிடிக்கத் தெரியாம. அதுக முன்னால மூணாம் பாடத்த நடத்தி என்ன ஆவப்போவுது. முதல்ல மூணாங்கிளாஸ் வரைக்கும்னு தொடங்கி அடுத்த வருசம் நாலு அஞ்சுக்கும் கொண்டாந்தாவ

பேச்சி மதினி, 8:06
அத்த அவன் வாசிக்கான். ஆனா அ ஆ இ ஈன்னு வரிசையாச் சொல்லுன்னா தடுமாறுதான், எனக்கு அதான் பயம்

சாந்தி பெரியம்மா, 8:14
வரிசை பைய வரும் பயப்படாத. நாங்க பாட அட்டை வச்சு நடத்துன காலத்துலயே அ ஆவுல தொடங்க மாட்டோம், ட ப ம அந்த மூணுலதான் தொடங்குவோம். ட எழுதிப்பாரு, ரெண்டு கோடு. ப மூணு கோடு. அ எழுதணும்னா சுழிச்சு வளைச்சு கீழ இழுத்து, அஞ்சு வயசுக் கைக்கு அது எம்புட்டு பாடு. இந்த மூணும் புள்ளி வைக்கவும் தெரிஞ்ச அன்னைக்கே பிள்ள படம், மடம், பட்டம்னு வார்த்தையா வாசிச்சிரும். 247 எழுத்தும் முடிச்சப் பொறவுதான் வார்த்தைன்னா அதுக்குள்ள பிள்ளைக்கு பள்ளிக்கூடமே வெறுத்துப் போவும்

சாந்தி பெரியம்மா, 8:16
கஷ்டப்படுத எடம் எதுன்னா கொம்புதான். கெ கே கொ கோ. எழுதும்போது கொம்பு முன்னால வருது, சொல்லும்போது சத்தம் பின்னால வருது. பிள்ள எழுத்துக்கூட்டும்போது அந்த எடத்துல நின்னு முழிக்கும். அங்கதான் பொறுமையா இருக்கணும். இன்னொண்ணு நம்ம ஊருக்கே உள்ளது, ழகரம். நாமளே வாளப்பளம்னுதான சொல்லுதோம், பிள்ள அப்படியேதான் எழுதும். தப்புன்னு சிவப்பு மையில கோடு போட்டா வீட்டுல பேசுததே தப்புன்னு அதுக்குத் தோணிரும். நான் கண்ணாடிய முன்னால வச்சு நாக்க மடக்கச் சொல்லுவேன், ஒவ்வொரு பிள்ளையா வந்து நாக்கப் பாக்கும், ஒரே சிரிப்பாக் கெடக்கும், ஒரு வாரத்துல பழம் வந்துரும்

ஆறுமுகம் மாமா, 8:19
அக்கா நீங்க அந்த அட்டை வந்தப்போ வேண்டாம்னு சண்ட போட்டீயளே

சாந்தி பெரியம்மா, 8:31
ஆமா போட்டேன். பாடத்த அட்டை அட்டையாப் பிரிச்சு, செயல்வழிக் கற்றல்னு 2007ல தமிழ்நாடு பூரா கொண்டாந்தாவ, அதுக்கு முன்னால சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துலதான் இருந்துச்சு. பெஞ்ச எடு, தரையில உக்காரு, செவத்தச் சுத்தி பிள்ளைக்கு எட்டுத ஒயரத்துல கரும்பலகை, ஒவ்வொருத்தனுக்கும் அதுல ஒரு கட்டம், நீயும் அதுக கூட தரையில உக்காருன்னாவ. இத்தன வருசம் நின்னு பாடம் நடத்துனவ தரையில உக்காரவான்னு எனக்குக் கோவம். ஆனா என் வகுப்புல ஒரு பையன் இருந்தான், நாலாங்கிளாஸ், தன் பேரக்கூட வாசிக்க மாட்டான், எந்திரிச்சு வாசின்னா ஒண்ணுக்குப் போணும்பான். அட்டை வந்தப்பொறவு, பாடமெல்லாம் ஏணி மாதிரி படிப்படியா இருக்கும், அதுல அவனவன் எந்தப் படியோ அந்த அட்டைய எடுத்துக்கிட்டுப் போவான், யாரு என்ன அட்டை வச்சிருக்கான்னு யாரும் பாக்க மாட்டாவ. இவன் ரெண்டாங்கிளாஸ் அட்டைய எடுத்து மடியில மறச்சு வச்சுப் படிச்சான். மூணு மாசத்துல மறைக்கல. அந்த வருசக் கடைசியில என்கிட்ட வந்து டீச்சர் உங்க பேரு செவத்துல தப்பா எழுதியிருக்குன்னான். சாந்தியில காலு போடாம எழுதியிருந்தாவ. அன்னைக்கு நான் வகுப்புல வச்சே அழுதேன்

சாந்தி பெரியம்மா, 8:33
அதுக்காக எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அட்டை தொலையும், வாங்கிப் போட மாட்டாவ, சில எடத்துல பிள்ள படிச்சுச்சோ இல்லையோ சார்ட்டுல டிக் மட்டும் ஏறும். இப்பவும் பிள்ளைக்கு ஒதுக்க வேண்டிய நேரத்துல பாதிய டீச்சர் போன் ஆப்புல விவரம் ஏத்துத வேலையிலயே போக்குதாவ, அது எனக்கு ரொம்ப வருத்தம். இசக்கி, நல்ல டீச்சர் இருந்தாத்தான் குச்சி பேசும், இல்லன்னா அது வெறும் குச்சிதான். நம்ம ஊருல இருக்கவ நல்ல டீச்சர்னு வேலு கட்ட அவுத்ததுலயே தெரியுது

இசக்கி அண்ணன், 8:37
இங்கிலீஷ் பயம் எனக்கு இன்னும் போவல பெரியம்மா. உள்ளதச் சொல்லுதேன்

சாந்தி பெரியம்மா, 8:40
போகாண்டாம், அந்தப் பயம் இருக்கட்டும். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நான் வீடியோவுல வாரேன், வேலுவும் நிலாவும் சேந்து உக்காரட்டும், இங்கிலீஷ்ல பேசுவோம், கத வாசிப்போம். தமிழ்ல எழுத்தும் சத்தமும் சேருததுன்னா என்னன்னு பிடிபட்ட பிள்ள இங்கிலீஷையும் சுருக்காப் பிடிக்கும். ஒரு வருசம் பாப்போம், பொறவு நீ என்ன முடிவெடுத்தாலும் நான் குறுக்க நிக்கல

கனி, 8:44
ஆச்சி பக்கத்துல உக்காந்து எல்லாத்தயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்கா. பிள்ளைய கடை வைக்கேங்குதே, எத வச்சு அளக்குன்னு கேக்கா

ஆறுமுகம் மாமா, 8:46
தீப்பெட்டியும் தகர டப்பாவுந்தான். தராசு ஒண்ணு தேங்காச் செரட்டையில செஞ்சு தொங்க விட்டிருக்கு

கனி, 8:53
ஆச்சி மச்சுக்கு ஏறிப்போயி அந்தக் காலத்துல அளக்குத உழக்கு, உரி, நாழி மூணையும் எடுத்துட்டு வந்துட்டா, புளி போட்டுத் தேச்சுட்டு இருக்கா இப்ப. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, ரெண்டு குறுணி ஒரு பதக்குன்னு கடகடன்னு சொல்லுதா எனக்கு டைப் பண்ண முடியல

சாந்தி பெரியம்மா, 8:57
அம்மா இத எனக்கு ஏன் அப்பமே தரல!! நான் அரையும் காலும் நடத்த பேப்பர மடிச்சு மடிச்சு வெட்டிட்டுக் கெடந்தேன். உரி பாதி நாழி, உழக்கு கால் நாழி, பிள்ளைய ஊத்திப் பாத்தே கண்டுபிடிச்சிரும். அரிசி வேண்டாம், தேரி மணல அள்ளிட்டு வரச் சொல்லு மாமாவ, செக்கச்செவேல்னு சல்லுன்னு விழும், ஏனத்துல ஒட்டாது. எத்தன உழக்கு ஊத்துனா நாழி நெறையும்னு முன்னக்கூட்டியே சொல்லிறக் கூடாது, முதல்ல மனசுல என்ன தோணுதுன்னு கேக்கணும், பொறவுதான் ஊத்தணும்

ஆறுமுகம் மாமா, 8:59
ரெண்டு பெட்டி மணல் காலையில டீவியெஸ்ல கொண்டு எறக்கிருதேன். டீச்சர்ட்ட நான் பேசிக்கிடுதேன்

ஜெயா அக்கா, 9:01
மாமா எனக்கும் ஒரு சாக்கு. அடுத்த வாரம் வாரேன்

பேச்சி மதினி, 9:03
ஆறுமுகம் சித்தப்பா, நானும் கூட வாரேன், அந்தப் பயிற்சிப் புத்தகத்தப் பாத்துட்டு வந்துருதேன். ஓலக் கொட்டான் நாலு கெடக்கு, கடைக்கு ஆவும். கனி, வெள்ளன வந்து ஆச்சிட்ட வாங்கிக்கிடுதேன்னு சொல்லு

கனி, 9:05
நாழி ஆச்சிக்கு அவ மாமியா கொடுத்ததாம், சாயங்காலம் எண்ணி மூணும் வீட்டுக்கு வந்துரணும்ங்கா

இசக்கி அண்ணன், 9:12
பேச்சி நாளைக்கு ராத்திரி அவன்ட்ட போனக் குடு. ஒரு நாழிக்கு எத்தன உழக்குன்னு நான் கேக்கணும்

பேச்சி மதினி, 9:13
கேளுங்க. நான் சொல்லி வைக்க மாட்டேன்