ஃபியூஸ் பாக்ஸில் பழைய ஓனர் விட்டுப்போன வயர்கள்: கழற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாலாவது கியர்

எனக்கு முன்னால் 2 பேர் கை மாறிய வண்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்தாலே ஒரு கொத்து வயர் வெளியே சரியும், மூடி ஒருநாளும் சரியாக உட்கார்ந்ததில்லை. ஸ்டீரியோ, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஃபாக் லைட், காலடியில் எரிகிற நீல எல்இடி என்று எது எதற்குப் போட்டதோ, பாதிக்கு மேல் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. போன மாதம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

வைப்பர் ஃபியூஸ், நீல நிற 15 ஆம்பியர். அதன் ஒரு காலில் வயரின் செம்பு இழைகளைச் சுற்றி அப்படியே ஸ்லாட்டுக்குள் அழுத்தியிருந்தார்கள். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக்கும் ஒரு காலும்தான் கையோடு வந்தன, இன்னொரு கால் உள்ளேயே நின்றுவிட்டது. கையில் வந்த நீலத்தில் ஒரு பக்கம் பழுப்பாகி, ஓரம் உருகி வழிந்து இறுகியிருந்தது. அதற்கு முந்தின நாள்கூட வைப்பர் ஓடியது.

இதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஃபியூஸ் போகவே இல்லை. இழைகளைச் சேர்த்துத் திணித்ததில் உள்ளே இருக்கும் கவ்வி விரிந்து பிடி தளர்ந்திருக்கிறது, தளர்ந்த இடத்தில் சூடு, சூடு பட்டதில் கவ்வி இன்னும் தளர்ந்திருக்கிறது. கரண்ட் 15 ஆம்பியரைத் தாண்டினால்தானே ஃபியூஸ் போகும், இது தாண்டவே இல்லை. போதாததற்கு அந்த வயரைச் சுற்றியிருந்தது பேட்டரி பக்கத்துக் காலில், அதாவது அந்த வயருக்கு ஃபியூஸ் பாதுகாப்பே கிடையாது. அதன் மறுமுனை பின்சீட்டுப் பக்கம் கார்பெட்டுக்கு அடியில், பசை காய்ந்து பிரிந்த டேப்போடு கிடந்தது. அதற்கு மேலே 2 வருடம் என் குழந்தைகள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

புது ஃபியூஸ் போட்டால் ஆடுகிறது. உங்களுக்கு என்ன நடந்தது?

மழைக்கால ஓட்டுநர்

எனக்கு அலாரம் பெட்டி. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்குமே அந்தக் கறுப்புப் பெட்டி, பத்துப் பன்னிரண்டு மெல்லிய வயர், எல்லாமே கறுப்பு. ரிமோட் தொலைந்து ரொம்ப நாளாகிவிட்டது, நடுராத்திரியில் தானாகக் கத்தி அக்கம்பக்கம் எழுந்துவிடும். ஒரு சாயங்காலம் கட்டரை எடுத்து எல்லாவற்றையும் நறுக்கிவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் டிக் டிக் என்றாவது ஒரு சத்தம் வரும், அதுகூட இல்லை. அன்றைக்கு அம்மாவைப் பஸ் ஏற்றிவிட வேண்டும், பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாரம் போட்டவர் இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து செல்ஃபுக்குப் போகிற தடித்த வயரை வெட்டி நடுவில் தன் ரிலேயை, அதாவது கரண்டில் இயங்குகிற ஸ்விட்சை, கோத்திருக்கிறார். ரிலேயை எடுத்ததும் கம்பெனி வயரின் 2 முனைகளும் தனித்தனியாக நின்றுவிட்டன. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பிசுபிசுத்த டேப்பைப் பிரித்துப் பிரித்து, ஒரே நிறத்தில் ஒரே கோடு போட்ட 2 முனைகளைக் கண்டுபிடிக்க 3 மணி நேரமானது. முறுக்கி டேப் சுற்றினேன், உடனே எடுத்தது. பஸ் போய்விட்டது.

டெஸ்ட்லைட்

நாலாவது கியர், நீங்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பித்ததைச் சரி என்று பலர் சொல்வார்கள், நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கழற்றிவிட்டால் எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று எப்படித் தெரியும்? முதலில் பேட்டரி இருக்கும்போதே டெஸ்ட் லைட்டையோ மல்டிமீட்டரையோ வைத்து ஒவ்வொரு வயரையும் பார்க்க வேண்டும். சாவி இல்லாமலே கரண்ட் வருகிறதா, சாவி போட்டால் மட்டும் வருகிறதா, பார்க்கிங் லைட் போட்டால் வருகிறதா, இந்த மூன்றையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி அந்த வயரிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நெகட்டிவைக் கழற்றுங்கள், அதற்கப்புறம்தான் கட்டர். வெட்டும்போதும் நடுவில் வெட்டாதீர்கள். மறுமுனையில் தொடங்கி அது ஃபியூஸ் பாக்ஸில் எங்கே சேர்கிறதோ அதுவரை கையால் பிடித்துக்கொண்டே வந்து, சேர்கிற இடத்தில் கழற்றுங்கள். வயரை நறுக்கி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டால் நீங்களும் அடுத்த ஓனருக்கு அதையே விட்டுவைக்கிறீர்கள்.

மஞ்சள் உறை போட்ட ஹார்னஸ் (வயர் கட்டு) கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் அது ஏர்பேக், அதில் டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்ப்பதுகூட ஆபத்து. எர்த்துக்காகப் பாடி போல்ட்டில் வளையம் மாட்டியிருப்பார்கள், அதே போல்ட்டில் கம்பெனி எர்த்தும் இருக்கும், வளையத்தை எடுத்த பிறகு போல்ட்டை நன்றாக இறுக்காவிட்டால் மீட்டர் முள் ஆடும், ஒரு லைட் போட்டால் வேறொன்று மினுக்கும். இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வருகிற வயரை உருவினால் ரப்பர் வளையத்தில் ஓட்டை நிற்கும், அதை அடையுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் வரும்.

மழைக்கால ஓட்டுநர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டை அப்படியே விட்டீர்களா? செல்ஃப் வயர் அது. பிரித்து, ஈயம் உருக்கி சாலிடர் போட்டு, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஷ்ரிங்க் ட்யூப் ஏற்றுங்கள், இன்றைக்கே.

என் அனுபவம் சின்னதுதான். பழைய டேஷ்கேம் வயரை எடுத்தபோது நீலக் கிளிப் ஜாயிண்ட் ஒன்று கம்பெனி வயரைப் பாதி அறுத்திருந்தது. 7 இழையில் 3 மட்டும் மிச்சம், அதிலும் பச்சைக் களிம்பு. பிரேக் லைட் வயர் அது.

வளைவுப்பாதை

டெஸ்ட்லைட் சொன்னதில் சாலிடரைத் தவிர மற்றதெல்லாம் சரி.

என் வண்டியில் திருட்டுக்குப் பயந்து பெட்ரோல் பம்ப் வயரில் ரகசிய ஸ்விட்ச் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வயரைச் சேர்த்து நானே சாலிடர் போட்டேன், பளபளவென்று நல்ல ஜாயிண்ட். 8 மாதம் கழித்து மேம்பாலம் ஏறும்போது பாதியில் இன்ஜின் அணைந்தது. பின்னால் லாரி. பவர் ஸ்டீயரிங் கனத்துவிட்டது, இரண்டு கையாலும் இழுத்து ஓரம் கட்டினேன். அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பார்த்தால் ஜாயிண்ட் அப்படியே இருந்தது, அதற்கு ஒரு நூல் தள்ளி வயர் ஒடிந்திருந்தது. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைக்க வைத்துவிடுகிறது, வண்டியின் அதிர்வு முழுவதும் விறைப்பு முடிகிற அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. வயரின் தடிமனுக்கு ஏற்ற கிரிம்ப் (நெரித்துப் பிடிக்கிற உலோகக் குழல்), அதற்கான கருவி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஷ்ரிங்க் ட்யூப். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

டெஸ்ட்லைட்

சாலிடர் போட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டியிருந்தால் ஒடிந்திருக்காது. கட்டாமல் தொங்கவிட்டால் எந்த ஜாயிண்ட்டும் ஒடியும்.

வளைவுப்பாதை

கட்டித்தான் இருந்தேன். ஒரு பக்கம் மட்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெட்ரோல் பம்ப் வயரில் இனி ஈயம் வைக்க மாட்டேன்.

சாலையோரப் புளியமரம்

சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30 ஆம்பியர். அதிலிருந்துதான் 100 வாட் ஃபாக் லைட் இரண்டுக்கும் வயர் எடுத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், சிவப்பு நிற்கவில்லை என்றுதான் பச்சையைப் போட்டிருக்க வேண்டும். வயரோ 10 ஆம்பியருக்கானது. லைட்டைப் போட்டுவிட்டு அந்த வயரைத் தொட்டேன், உறை விரல் ரேகை பதிகிற அளவுக்கு இளகியிருந்தது. ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, பெரிய ஃபியூஸ் போட்டால் வயரே ஃபியூஸ் ஆகிவிடும்.

பின்சீட்டு ஜன்னல்

நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. புது பேட்டரியும் போட்டுப் பார்த்தாயிற்று.

நெகட்டிவில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தேன், 10 ஆம்பியர் துளையில். கதவைத் திறந்துவைத்து, பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடினேன், அப்போதுதான் வண்டி கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்துத் தூங்கப் போகும். 40 நிமிடம் காத்திருந்தும் 0.31 ஆம்பியருக்குக் கீழே இறங்கவில்லை. 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்தேன், எண் அசையவே இல்லை. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு நாளைக்கு 7 போனால் நாலு நாளில் பாதிக்கு மேல் போய்விடும், கணக்கு சரியாக வருகிறது, ஆனால் எங்கே போகிறது?

சும்மா பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு தகரப் பெட்டி. வெதுவெதுப்பாக இருந்தது. நிறுத்தி 6 மணி நேரமான வண்டியில், பூனை படுத்து எழுந்துபோன இடம் மாதிரி ஒரு சூடு. பழைய ஆம்ப், ஸ்பீக்கர்களை யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள், ஆம்ப் மட்டும் யாருக்கும் பாடாமல் விழித்துக்கொண்டிருந்தது. அதன் வயரை ஃபியூஸ் பாக்ஸில் பேட்டரி கரண்ட் வந்து இறங்குகிற போல்ட்டிலேயே மாட்டியிருந்தார்கள், ஃபியூஸ்களுக்கும் முன்னால். அதனால்தான் எந்த ஃபியூஸை எடுத்தும் பயனில்லை. ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றியதும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த என் பையன், “அப்பா, 0.02!” என்று கத்தினான்.

அப்பாவின் வண்டி

நான் மற்றவர்களைப் போல ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அப்பா போன பிறகு அவருடைய வண்டியை நான் ஓட்டுகிறேன். ஹாரன் தானாக அடித்ததால் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப், பால்பாயிண்ட் பேனாவில் அவர் கையெழுத்து. ‘பின் லைட்’, ‘ஹாரன் 2’, ‘ரேடியோ, சாவி போட்டால்’. ஒன்றில் மட்டும் ‘இது நான் போட்டதில்லை’ என்று எழுதியிருந்தார்.

டெஸ்ட்லைட் சொல்கிற மாதிரியே மறுமுனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன், டேப் இருந்ததால் சுலபம். ‘ஹாரன் 2’ ரிலேயில் தண்ணீர் புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். டேப் துண்டுகளைப் பிரித்து மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். தேவையில்லாத வயர் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், போட்ட அன்றைக்கு அது யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது.

நாலாவது கியர்

எல்லோருக்கும் நன்றி. டெஸ்ட்லைட், பேட்டரி இருக்கும்போதே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்றது சரிதான், இந்தத் தடவை அப்படித்தான் செய்தேன். வைப்பர் ஸ்லாட்டின் டெர்மினலைப் பின்பக்கம் பூட்டு நாக்கை அமுக்கி உருவி, புதுசு கிரிம்ப் செய்து போட்டாயிற்று, ஃபியூஸ் இப்போது இறுக்கமாக உட்காருகிறது. அரை மணி நேரம் வைப்பரை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மொத்தம் 11 வயர் வெளியே வந்தது, தரையில் போட்டால் ஒரு மடி.

ஒன்று மட்டும் மிச்சம். கறுப்பு, மெல்லியது, சாவி இல்லாமலே 12 வோல்ட் வருகிறது, கதவுத் தூணுக்குள் மேலே போய் கூரைத் துணிக்குள் மறைகிறது. அதற்கு ஒரு டேப் ஒட்டி, ‘அப்பாவின் வண்டி’ சகோதரியின் அப்பா எழுதிய ‘இது நான் போட்டதில்லை’ என்பதையே எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தூண் மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன்.