பௌ ரோலர்: ‘வில் உருளை’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

சிறுபடகுக் கையேட்டின் நங்கூரப் பகுதியைத் தமிழாக்கி அனுப்பிய தம்பிக்கு நன்றி. தெளிவாக வந்திருக்கிறது. ஒரு சொல் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. நங்கூரக் கயிறு உரசாமல் ஓடப் படகின் முன்தலையில் பொருத்தும் உருளை அமைப்புதான் ‘பௌ ரோலர்’ (bow roller). அதை ‘வில் உருளை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் bow என்ற எழுத்துக்கூட்டு வில்லுக்கும் உண்டு, படகின் முன்தலைக்கும் உண்டு. எந்திர மொழிபெயர்ப்பின் கைவண்ணம் என்று நினைக்கிறேன். அர்ச்சுனன் கையில் இருந்தால்தான் அது வில். படகின் முன்தலைக்கு நம்மிடம் ‘அணியம்’ இருக்கிறது. அகராதியில் தேடி எடுக்க வேண்டிய சொல்லும் இல்லை, கடற்கரையில் இன்றும் புழங்குகிறது. முதல் பாதி அதோடு முடிந்தது.

சண்டை இரண்டாம் பாதியில்தான். ஒருவர் கப்பி என்கிறார், இன்னொருவர் சகடை என்கிறார். பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

போன வருடம் மச்சானின் 7 மீட்டர் பைபர் படகில் இதைப் பொருத்தினோம். அதுவரை நாலு கை வைத்த கம்பி நங்கூரம்தான். பக்கவாட்டில் நின்று விளிம்பின்மேல் கயிற்றை உரசி உரசி இழுப்பார். விளிம்பில் விரல் போகிற அளவுக்குத் தடம் விழுந்துவிட்டது. அதைவிட மோசம், பக்கத்தில் நின்று இழுத்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், இழுக்கிற பக்கம் சாயும், தண்ணீர் உள்ளே வரும். அணியத்தில் நின்று இழுத்தால் படகு அலையை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். இந்த வேலை முழுவதும் இதற்காகத்தான்.

லேத் பட்டறையில் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) தகட்டை வளைத்து ஒரு வாய்க்கால் மாதிரி செய்து, அதன் இரு பக்கச் சுவர்களான கன்னங்களுக்கு நடுவே பள்ளம் கடைந்த நைலான் உருளையை அச்சில் மாட்டினோம். கயிறு துள்ளி வெளியே போகாமல் மேலே குறுக்காக ஒரு ஊசி. முதல்முறை அளவு தவறிவிட்டது. உருளை போதுமான அளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நங்கூரம் மேலே வரும்போது ஊஞ்சலாடி, படகின் மூக்கில் இடித்து ஜெல்கோட்டை, அதாவது பைபரின் வெளிப்பூச்சை, பெயர்த்தது. ஒரு சாண் நீட்டிய பிறகுதான் சரியானது.

திருகாணி மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள், ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். தளத்துக்கு அடியில் மரைன் பிளைவுட் பலகை கொடுத்து ஊடுபோல்ட் போட வேண்டும். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பிசினால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவே மறுபடி துளையிட்டால் தளத்துக்குள் நீர் இறங்காது. நங்கூரம் பிடித்ததும் கயிற்றை உள்ளே கிளீட்டில், அதாவது தளத்தில் பதித்த கயிறு கட்டும் கொம்பில், கட்டிவிட வேண்டும். காற்றில் படகு ஊசலாடும்போது கயிறு கன்னத்தில்தான் சாய்ந்து உரசும். அதனால் கன்னத்தின் விளிம்பு வழவழப்பாக வெளிப்பக்கம் மலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கயிற்றை அறுக்கும் கத்தி.

நாலு கை நங்கூரம் இதில் உட்காராது. கலப்பை வடிவ நங்கூரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் உருவாக்கியது. ‘செக்யூர்’ (secure, பத்திரமானது) என்று ஒலிக்கட்டுமே என்று சி.க்யூ.ஆர். எனப் பெயர் வைத்தார்கள். அந்தச் சிலேடையைத் தமிழாக்கப் போய் நாம் சிக்கிக்கொள்ள வேண்டாம். ‘கலப்பை நங்கூரம்’ போதும், அதன் நுனிக்குக் ‘கொழு’ தயாராகக் காத்திருக்கிறது.

இப்போது சொல். கப்பியும் சகடையும் தலைக்குமேல் தொங்குபவை, கேட்டவுடன் கிணற்று வாளிதான் கண்ணில் வரும். ஆனால் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலைக் கிணறு பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு இருக்கும். மேலே வடம் ஓடுகிற சக்கரம். கீழே, கிணற்றின் உதட்டிலேயே, வால்கயிறு ஓடுகிற மர உருளை. நம் பொருள் அந்தக் கீழ் உருளைக்கு அண்ணன் தம்பி: உதட்டில் கிடக்கும், கயிறு மேலே ஓடும், கயிற்றை உரசலிலிருந்து காக்கும். எனவே என் ஓட்டு ‘அணிய உருளை’க்கு.

மறுமொழி:

நல்ல விளக்கம் அண்ணை. எங்கட பக்கமும் அணியம் எண்டுதான் சொல்லுறது. ஆனால் கையேட்டின் பராமரிப்புப் பகுதியைப் பார்த்தீர்களா? நைலான் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்கிறது. உங்கள் சொல்லைப் போட்டால் ‘அணிய உருளையின் உருளையை மாற்றவும்’ எண்டு வரும். வாசிக்கிறவர் சிரிப்பார். முழு அமைப்புக்கு ஒரு பெயர், உள்ளே சுற்றுகிறதுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘நங்கூரத் தாங்கி’ எண்டு வைத்தால் என்ன?

மறுமொழி:

தங்கச்சி சொல்வது சரி, நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. ஆங்கிலக்காரர்களும் இதே குழப்பத்தோடுதான் காலம் தள்ளுகிறார்கள், அதற்காக நாமும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘தாங்கி’ பொறியியல் நூல்களில் பேரிங்குக்குப் போய்விட்டது. அதே கையேட்டில் இரண்டு அத்தியாயம் தள்ளி எஞ்சின் பகுதி வருகிறது, அங்கே இடிக்கும்.

எனக்குக் ‘கவை’ தோன்றுகிறது. இரண்டாகப் பிரிந்த கிளையைக் கவை என்போம். இந்த அமைப்பும் அதேதானே, இரு கன்னங்கள், நடுவே இடைவெளி. ‘நங்கூரக் கவை’ என்றால் நங்கூரத்தின் கைகளையே சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள். ‘அணியக் கவை’ என்றால் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. உள்ளே சுற்றுவது ‘கவை உருளை’, அதன் ஆணி ‘கவை அச்சு’, மேலே மாட்டும் ஊசி ‘காப்பு ஊசி’. பராமரிப்பு வரியை இப்படிப் படித்துப் பாருங்கள்: ‘அணியக் கவையின் உருளை தேய்ந்திருந்தால், அச்சைக் கழற்றி உருளையை மட்டும் மாற்றவும்.’

மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். “கவையா, சரி, விளங்குது” என்றார். ‘வில் உருளை’க்கு என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் கோப்பில் மாற்றிவிடுகிறேன். கிளீட்டுக்கு மாடு கட்டும் முளையை நினைத்துக் ‘கட்டுமுளை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். சங்கிலி போய்க் குவியும் அறைக்குத் தம்பி வைத்த ‘சங்கிலிக் குதிர்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நெல் கொட்டி வைக்கும் குதிர் என்ற களஞ்சியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் எத்தனை பேர்?