லாவெண்டர் எண்ணெய், காதோரத்து அரிப்பு – உங்களுக்கும் நடந்ததுண்டா?

கெமிக்கலே வேண்டாம்னு தேங்காய் எண்ணெய்ல லாவெண்டர் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். முதல் பாட்டில் முடியற வரைக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டாவதை குளியலறை ஜன்னல்ல வெச்சிருந்தேன், மூடி சரியா மூடாது. பாதி தீர்ந்தப்போ காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் ஒரே அரிப்பு. பொடுகுன்னு நினைச்சு அதே எண்ணெயை இன்னும் ரெண்டு சொட்டு கூட்டினேன், அப்படியொரு புத்திசாலி நான்!

எது ஒத்துக்கலைன்னு பாக்க தோல் டாக்டர் முதுகுல வரிசையா பிளாஸ்டர் ஒட்டி, ரெண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாதுன்னுட்டாங்க. பிரிச்சப்போ ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடிச்சிருந்துச்சு. அதுல இருந்தது காத்துபட்ட லினலூல். லாவெண்டருக்கு வாசனை தர்ற முக்கியமான பொருள்கள்ல அதுவும் ஒண்ணாம். புதுசுல அது சாது. ஆக்ஸிஜனோட சேர்ந்து மாறினாதான் ஒவ்வாமையைக் கிளப்பும். ஆரஞ்சுத் தோல்ல இருக்கிற லிமோனீனும் அதே குணம்தான்.

---

அக்கா, நான் ஜெர்மனியில இருக்கேன். இங்க லினலூல், லிமோனீன் எல்லாம் லேபிள்ல பேர் சொல்லியே ஆகணும். தலையிலயே விட்டு வைக்கிற எண்ணெய்ல 0.001 சதவீதத்தைத் தாண்டினாலும், அலசிடற ஷாம்புல 0.01-ஐத் தாண்டினாலும் எழுதணும். செடியிலேருந்து வந்ததுக்கும் சலுகை கிடையாது. 2023-ல அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேல நீட்டிட்டாங்க. "இயற்கை வாசனை"ன்னு பெருசா போட்ட ஷாம்புலதான் இந்தப் பேருங்க நீளமா வருது, பாத்திருக்கேன்.

---

எனக்கு அரிப்பு வரல, வேற கூத்து. கடலூர்ப் பக்கத்திலேருந்து சித்தி கொண்டுவந்த வெட்டிவேரைக் கழுவி, ஈரம் போகறதுக்குள்ள எண்ணெய்ல போட்டுட்டேன். மூணாம் வாரம் பாட்டிலைத் திறந்தா மண்வாசனைக்குப் பதிலா சிக்கு வாடை. அம்மா எட்டிப் பாத்துட்டு, "வேரை ஒடிச்சா டப்புனு ஒடியணும்டி, வளைஞ்சா இன்னும் காயலை"ன்னாங்க. அடுத்த தடவை மூணு நாள் வெயில்ல போட்டேன். தலை காஞ்ச பிறகும் வாசனை லேசா நிக்குது.

---

தங்கச்சி, வெட்டிவேர் எண்ணெயையும் முதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வெச்சு ரெண்டு நாள் பாரு. நான் லாவெண்டர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டேன். ஆனா தலையணை உறையை மூணு தடவை துவைச்ச பிறகுதான் காதோரம் அடங்குச்சு.