அசையாத டப் ஸ்பவுட்டைக் கழற்றி ஹேண்ட் ஷவர் பொருத்திய அனுபவம்

நாங்கள் நியூ ஜெர்சியில், 1950களில் கட்டப்பட்ட ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் குளியலறையில் டப் மட்டுமே உண்டு, மேலே ஷவர் கிடையாது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அம்மாவால் டப்புக்குள் இறங்கி நிற்க முடியாது என்பதால், இரண்டு கால் வெளியேயும் இரண்டு கால் டப்புக்குள்ளேயும் ஊன்றும் பெஞ்சில் அமர்ந்தே அவர் குளிக்க வேண்டியிருந்தது. குனிந்து வாளியில் மொள்வதும் அவருக்கு வலித்தது. ஆகவே டப்புக்குள் நீர் விழும் பழைய குழாய்வாயை, அதாவது ஸ்பவுட்டை, எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஹேண்ட் ஷவரின் ஹோஸை மாட்டும் வசதியும், நீரை அதற்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரும் உள்ள ஸ்பவுட்டைப் பொருத்த முடிவு செய்தோம். மேலே ஏற்கெனவே ஷவர் உள்ள வீடுகளில் இந்த வேலையே தேவையில்லை. ஷவர் தலையைக் கழற்றி, அந்தக் குழாயில் ஒரு டைவர்ட்டர் மாட்டினால் போதும். ஸ்பவுட்டின் வாயில் அழுத்திச் செருகும் ரப்பர் முனை ஹேண்ட் ஷவர் வகையை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஏனெனில் நீரின் அழுத்தம் கூடினால் அது தெறித்துக் கழன்றுவிடும்.

கழற்றும் முன் ஸ்பவுட் எந்த வகை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. சுவரை ஒட்டிய அடிப்பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருந்தால், அது செப்புக் குழாயின் மேல் செருகிய வகை. ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தி, நேராக முன்னால் இழுக்க வேண்டும். பல ஆண்டு உப்புப் படிந்து அந்தத் திருகே மறைந்திருக்கக்கூடும் என்பதால், டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்ப்பது நல்லது. திருகு இல்லையென்றால் அது மரையில் ஏற்றிய வகை, இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்ற வேண்டியது. எங்களுடையது இரண்டாவது வகை. வாய்க்குள் டார்ச் அடித்தபோது, ஸ்பவுட்டின் முன்நுனியான மூக்கின் அருகிலேயே, சுவரிலிருந்து வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளின், அதாவது இரு முனையிலும் மரையுள்ள சிறு குழாயின், முனை செம்பழுப்பாகத் துருவேறித் தெரிந்தது.

மெயின் வால்வை மூடி, சுவரோடு ஒட்டியிருந்த பழைய சிலிக்கானைக் கத்தியால் சுற்றிலும் அறுத்தோம். துருவை இளக்கும் எண்ணெயை வாய்வழியாக மரையில் அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் அதை நன்றாகத் துடைத்த பிறகே ஹேர் டிரையரால் சூடேற்றினோம். ஸ்பவுட்டைச் சுற்றித் துணி கட்டி, பைப் ரெஞ்சால் பிடித்து மெதுவாகத் திருப்பினால், அது சற்றே சுழன்று, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. இந்த அறிகுறியை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. மரை அவிழாமல், சுவருக்குள் இருக்கும் குழாய்தான் முறுக்கிக்கொள்கிறது என்பதே அதன் பொருள். அதற்கு மேலும் பலம் கொடுத்தால் உள்ளே இணைப்பு விட்டு, சுவருக்குள் நீர் கசியத் தொடங்கும்.

அதிர்ஷ்டவசமாக, பழைய வீடுகள் பலவற்றில் இருப்பதுபோல், டப்பின் குழாய்ப் பக்கச் சுவருக்குப் பின்னால் அடுத்த அறையின் அலமாரிக்குள் ஒரு பலகைத் திறப்பு இருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தபோது, நிப்பிள் ஏறியிருந்த பித்தளை எல்போவை (வளைவு இணைப்பை)க் கட்டைச் சட்டத்தோடு பிணைக்க வேண்டிய திருகுகளில் ஒன்று இல்லை, மற்றது தளர்ந்து கிடந்தது. என் மைத்துனர் அலமாரிக்குள் உட்கார்ந்து எல்போவை இன்னொரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் இந்தப் பக்கம் உதறாமல், ஒரே சீராக அழுத்தம் கொடுத்தேன். கிறீச்சென்ற ஒலியோடு ஸ்பவுட் நிப்பிளையும் சேர்த்துக்கொண்டு கழன்று வந்தது. அந்த நிப்பிளின் உட்புறம் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் துருவால் குறுகியிருந்தது, ஆகவே அது வந்ததே நல்லதாயிற்று. திறப்பு இல்லாத வீட்டில் ஸ்பவுட் இப்படி முறுக்கிக்கொண்டால், உள்ளே உள்ள குழாயை வெட்டிவிடாமல் ஸ்பவுட்டை மட்டும் நீளவாக்கில் அறுத்து எடுப்பது முறுக்குவதை விடப் பாதுகாப்பானது. அதையும் பழகிய பிளம்பரிடம் விடுவதே மேல்.

மரை சில ஸ்பவுட்டுகளில் மூக்கருகேயும் சிலவற்றில் சுவரருகேயும் இருக்குமாதலால், புதியதைக் கையில் வாங்கிய பிறகே நிப்பிளின் நீளத்தை அளந்து அரை அங்குலப் பித்தளை நிப்பிள் வாங்கினோம். மீண்டும் ஜி.ஐ. போட வேண்டாம். எல்போவைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டு, டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றிப் பொருத்தினோம். ஹோஸ் விஷயத்தில், அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரநிலை குறைந்தது 59 அங்குலம் கேட்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து குளிப்பவருக்கு 72 அங்குலம் இன்னும் வசதி. நீரின் வெப்பம் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்றும் அதே தரநிலை சொல்கிறது. முதியவர்களின் தோலை எண்ணி நாங்கள் அதற்கும் கீழேயே வைத்துக்கொண்டோம். டப்பின் அழுக்கு நீரில் ஷவர் தலை மூழ்கிக் கிடந்தால், அந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படாமல் தடுக்கும் வால்வு உள்ள ஹேண்ட் ஷவராகவே பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்த பின், அலமாரித் திறப்பை மூடாமல், எல்போவின் அடியில் உலர்ந்த டிஷ்யூ வைத்து, ஸ்பவுட்டிலும் ஷவரிலும் மாறி மாறிச் சுடுநீர் விட்டுப் பார்த்தோம். ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே சுவரோரம் சிலிக்கான் பூசினோம். அதையும் மேற்புறத்திலும் பக்கங்களிலும் மட்டும் பூசி, அடிப்பக்கத்தில் சிறிது இடைவெளி விட்டோம். என்றாவது ஸ்பவுட்டின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால், நீர் சுவருக்குள் போகாமல் அந்த வழியாக டப்பில் சொட்டும், நமக்கும் உடனே தெரிந்துவிடும்.