'எஞ்சின் மாற்றம்' போதுமா, 'வேற்றுப்பொறி' என்போமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> எஞ்சின் மாற்றம் என்று ஊரே சொல்கிறது. இதற்குப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மருமகன் ஒரு பழைய ஜெட் படகை வாங்கும்வரை.

பொல்கொட வாவியில் ஓட்டவென்று வாங்கினான். எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த படகு; பம்பியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் வகை. விற்றவர் கொடுத்த பற்றுச்சீட்டில் அழகான தமிழில் "எஞ்சின் மாற்றப்பட்டது" என்றிருந்தது. பழையது தேய்ந்துபோக அதே வகையில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள் என்று இவன் விளங்கிக்கொண்டான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜப்பான் வேனின் டீசல் எஞ்சின்! விற்றவரிடம் கேட்டதற்கு, "மாற்றினது என்றுதானே எழுதியிருக்கு" என்றாராம். அவரை என்ன சொல்வது?

காரில் வேறு எஞ்சின் வைத்தால் நடுவில் கியர்பெட்டி நின்று கொஞ்சம் சமாதானம் பேசும். இந்தப் பழைய ஜெட் படகுகளில் அந்த ஆளே கிடையாது. எஞ்சினின் தண்டு நேரே பம்பியின் தண்டோடு பூட்டியிருக்கும். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பம்பிக்குள் இருக்கும் விசிறியும் ஒரு சுற்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்த விசிறி வலுவை விழுங்கும் கணக்கு பொல்லாதது. சுற்றும் வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு வலு வேண்டும். வெறும் 10 சதவீதம் கூட்டுவதற்கே ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதலாகக் கேட்கும்.

அந்தக் காலப் படகுகளில் இருந்தவை ஓல்ட்ஸ்மொபைல் 455, ஃபோர்ட் 460 மாதிரியான பெரிய வி8 எஞ்சின்கள். இரண்டும் சுமார் 7.5 லீற்றர். விசிறியின் அளவு அந்த எஞ்சினைப் பார்த்துத் தெரிந்தெடுத்தது. இப்போது அமெரிக்காவில் பலர் அதைக் கழற்றிவிட்டு, 1997இல் ஜெனரல் மோட்டர்ஸ் கொண்டுவந்த எல்எஸ் வகை எஞ்சினை ஏற்றுகிறார்கள். அலுமினியத்தில் வந்ததென்றால் எடை நன்றாகக் குறையும். ஆனால் அது தன் முழு வலுவைக் காட்ட இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்; பெரிய விசிறி அதை அந்த வேகத்துக்குப் போக விடாது. அதனால் விசிறியைக் கடைந்து சிறிதாக்குவார்கள், அல்லது சிறியதாக ஒன்று போடுவார்கள். டீசலில் வருத்தம் வேறு மாதிரி. பம்பி கேட்கிற வேகத்துக்கு அது சுற்றவே மாட்டாது. மருமகனின் படகு மூக்கை உயர்த்திக்கொண்டு வாவியை உழுதது. தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடவே இல்லை.

அப்புறம் தண்ணீர்க் குழாய் வேலை. வேன் எஞ்சின் ரேடியேட்டருக்குப் பழகியது. இந்தப் படகுகளிலோ பம்பியிலிருந்தே ஒரு குழாய் பிரித்து, வாவித் தண்ணீரை எஞ்சினுக்குள் விடுவார்கள். புகைக்குழாயைச் சுற்றியும் தண்ணீர் ஓட வேண்டும். பெற்றோல் எஞ்சின் என்றால் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தீப்பொறியை வெளியே விடாத படகு வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியிலேயே தங்கும். கார்ச் சாமானை அப்படியே கொண்டுபோய்ப் பூட்டுகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இத்தனை வினையும் எஞ்சின் மாறியதால் வந்ததல்ல, வேறு எஞ்சின் வந்ததால் வந்தது. ஆகவே அந்த 'வேறு' சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'பிரதியீடு' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பள்ளிக்கூடத்துக் கணக்கு ஞாபகம் வருகிறது, 'வேறு' வரவில்லை. 'ஒட்டு எஞ்சின்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஒட்டுமாங்கன்றில் கட்டை ஒரு இனம், மேலே வைக்கிற முளை இன்னொரு இனம். படகும் பம்பியும் கட்டை, எஞ்சின் முளை. ஆனால் சாரத்தில் ஒட்டுப்போட்ட மாதிரியும் கேட்கிறதே. கடைசியில் 'வேற்றுப்பொறி' என்று முடிவுசெய்தேன். செய்கிற வேலைக்கு 'வேற்றுப்பொறி ஏற்றல்'. 'ஏற்றல்' என் கற்பனை அல்ல. கராஜில் "வேற எஞ்சின் ஏத்தினது" என்றுதானே சொல்கிறார்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து

---

தம்பி, 'வேற்று' நல்லது. 'பொறி'யைத் தூக்கிப் போடும். எங்கள் பாடநூல்களில் எளிய பொறி என்றால் நெம்பும் கப்பியும். படகிலே கப்பி ஏற்றியிருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கும். எலிப்பொறி வேறு இருக்கிறது.

எஞ்சின் என்ற சொல்லுக்கு என்ன குறை? வேற்று ஊர் வேற்றூர் ஆகிறதென்றால் வேற்று எஞ்சின் வேற்றெஞ்சின். புணர்ச்சியே சொல்லைச் செய்து தருகிறது, நாங்கள் மினக்கெடத் தேவையில்லை.

பம்பியைப் பம்பி என்றே எழுதியதற்கு நன்றி. 'தாரை உந்தி' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். அமெரிக்க ஜெட் படகுகளுக்குப் பேர்பெற்ற பேர்க்லி கம்பனி, முதலில் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் பம்பி செய்தவர்கள். எங்கள் வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசினுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்.

வெள்ளவத்தையிலிருந்து

---

வேற்றெஞ்சின் வாய்க்கு வருகிறது, ஐயாவுக்கு என் வாக்கு. ஆனால் அதே வகை எஞ்சினையே திரும்பப் போட்டால் என்ன சொல்வது? 'தன்னெஞ்சின்' என்று எழுதிப் பார்த்தேன், காதல் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. 'நிகரெஞ்சின்' என்றால் கணக்காளரான என் கணவர் நிகர இலாபம் எங்கே என்று கேட்கிறார்.

தெகிவளையிலிருந்து

---

அக்கா, சிரித்துவிட்டேன். அதற்கு இப்போதைக்கு 'அதேவகை எஞ்சின்' என்றே இருக்கட்டும். யாருக்காவது நல்லது தோன்றினால் மாற்றுவோம்.

ஐயா சொன்னபடி பொறியைக் கைவிட்டேன். பட்டியலில் 'வேற்றெஞ்சின்', 'வேற்றெஞ்சின் ஏற்றல்' என்று இரண்டு பதிவு போடுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியம் இது:

"இப்படகில் வேற்றெஞ்சின் ஏற்றப்பட்டுள்ளது, பம்பியின் விசிறி அதற்கேற்ப மாற்றப்படவில்லை."

மருமகனிடம் காட்டினேன். முதல் பாதியை வாசித்திருந்தாலே விலையில் பாதியைக் குறைத்துக் கேட்டிருப்பேன் என்றான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து