மறுமொழி: சக்கரத் தளர்ச்சியா, தேய்வாட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்குவோருக்கான தமிழ்க் கையேட்டில், பட்டறைகளில் 'வீல் பிளே' என்று சொல்லப்படும், சக்கரம் தன் இடத்தில் நிலையாக நில்லாமல் ஆடும் குறைக்குச் 'சக்கரத் தளர்ச்சி' என்ற சொல்லை வைக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். சொல் எளிதுதான், ஆனாலும் அதை ஏற்கத் தயங்குகிறேன். ஒன்று தளர்ந்திருக்கிறது என்றால் கேட்பவர் அதை இறுக்கத்தான் பார்ப்பார். குறைந்த விலைக்கு ஒரு பழைய மாருதி 800 வாங்கியவர், 'சக்கரத் தளர்ச்சி' என்று படித்தவுடன் சக்கர நட்டுகளை இறுக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று சேலத்துக் கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்குப் புறப்பட்டுவிடக்கூடும். ஆனால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் உறுப்பான பேரிங் தேய்ந்திருந்தால், அதை எந்த நட்டை இறுக்கியும் மீட்க முடியாது.

பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே குண்டுகளோ உருளைகளோ ஓடுகின்றன. அவற்றை மூடிக் காக்கும் சீல் கெட்டு நீரும் தூசியும் புகுந்தால் கிரீஸ் வீணாகி, துரு ஏறி, ஓடுதடத்தில் சிறு குழிகள் விழுகின்றன. அக்குழிகளின் மேல் குண்டுகள் உருளும்போதுதான், வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் உறுமல் எழுகிறது. உலோகம் உதிர்ந்த அளவுக்கு உள்ளே இடம் கூடுவதால் சக்கரமும் ஆடத் தொடங்குகிறது. இந்நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் பேரிங் சூடேறி இறுகிப்போகலாம். சக்கரமே கழன்றுவிடவும் கூடும்.

ஆனால் எல்லா ஆட்டமும் குறையல்ல என்பதால்தான் இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. இணையாகப் பொருத்தப்படும் கூம்புருளை பேரிங்குகள் கொண்ட வண்டிகள் சிலவற்றில், நடு நட்டை இறுக்கிய பின் சற்றே தளர்த்தி, மயிரிழை இடம் விட்டு வைப்பதே முறை. அந்த இடம் இல்லாவிட்டால் பேரிங் சூடேறிக் கெடும். வேண்டுமென்றே விடப்படும் இந்த இடத்தை 'விடுவெளி' என்றும், தேய்மானத்தால் தானாக வந்ததைத் 'தேய்வாட்டம்' என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. சேலத்துப் பட்டறைகளில் 'வீல் ஆடுது' என்று சொல்வது வழக்கமாதலால், இரண்டாம் சொல்லின் பாதியை மக்கள் ஏற்கெனவே நமக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்புடன்.

மறுமொழி: தேய்வாட்டம்

ஐயா, வணக்கம்.

'தேய்வாட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் அதைத் தனியே நிறுத்தினால் வேறொரு குழப்பம் வரும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங் மட்டுமல்ல, கீழே சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயிண்டும் தேய்ந்திருக்கலாம். வலமும் இடமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடு என்ற தண்டின் முனையைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மற்றவர் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்; நிற்காவிட்டால் மூட்டு. ஆகவே 'பேரிங் தேய்வாட்டம்', 'மூட்டுத் தேய்வாட்டம்' என்று உறுப்பின் பெயரையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காது வைத்துக் கேட்டால் பேரிங் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வதைக் கையேட்டில் சேர்க்க வேண்டாம். அங்கே வேகமே இருக்காது, உறுமலும் எழாது. ஓமலூர்ப் பக்கத்து நேர்ச்சாலைதான் இதற்கு ஏற்றது. வண்டி இடப்புறம் மெல்லத் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது ஒலி கூடினால் வலப்பக்கத்தை முதலில் ஐயுறலாம். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே போன்ற ஒலி வரும் என்ற எச்சரிக்கையும் உடன் இருக்கட்டும்.

'உள்வளையம்', 'வெளிவளையம்' ஆகிய இரண்டையும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பேரிங்கைப் பிரஸ் என்னும் அழுத்து எந்திரத்தில் அதன் இருக்கைக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தையும், அதனுள் சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதியான ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்தையும் தாங்கி அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, புதிய பேரிங் ஓடும் முன்பே தழும்பேறிவிடும். இந்த இடத்தில் சொல் மயங்கினால் வாங்கியவரின் பணம் போகும்.

பேரிங்கைத் 'தாங்கி' ஆக்குவதை மட்டும் இந்தக் கையேட்டில் தவிர்த்துவிடலாம். ஐந்து ரோட்டுப் பக்கம் உதிரிபாகக் கடையில் போய்த் தாங்கி கேட்டால், கடைக்காரர் எதைத் தாங்க என்றுதான் கேட்பார்.